கழுத்து வழி கூடாது

பிப்ரவரி 9, ஞாயிறு

அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. மாதத்துக்கு ஒரு ஞாயிறு இந்தத் தண்டனை உண்டு. அக்காவுக்காகப் போகிறேன், அவள் கட்டிக்கொண்டவரைத் தரிசிக்க அல்ல.

அத்தானுக்கு மூஞ்சி உப்பிப் போயிருக்கிறது. கண்ணிமை, கன்னம், கழுத்து எல்லாம். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நல்லா பூரிச்சுட்டீங்க சார், வியாபாரம் அமோகம் போல" என்றார். அவ்வளவுதான், இவருக்குத் தலைகால் புரியவில்லை. அத்தான் பழைய கார் விற்றுக் கொடுக்கும் தரகர். பத்துக் கை மாறி நொந்துபோன வண்டியை 'ஒரே ஓனர், டாக்டர் ஓட்டினது' என்று சொல்லித் தலையில் கட்டுகிற வாய். சட்டையின் மேல் பொத்தான் கழுத்தில் பூட்டவில்லை. அதற்கும் சட்டைக் கம்பெனிக்காரனைத் திட்டினார்.

சாப்பிடும்போது வழக்கமான ஜோக். "மச்சினிக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கறதுக்குள்ள நான் ரெண்டாயிரம் வண்டி வித்துட்டேன்." இருபத்தாறு வருஷமாக அதே ஜோக், வண்டிக் கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மனுஷன் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் கத்திரிப்பூ நிறம். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "தல வெடிக்கற மாதிரி இருக்கு" என்றார். "வாயக் கட்டினா சரியாயிடும் அத்தான்" என்றேன். அக்கா முறைத்தாள். முறைக்கட்டும். சமைத்துப் போட்டே ஆளைக் கெடுத்தது அவள்தானே.

பிப்ரவரி 20, வியாழன்

குடும்ப டாக்டர் ஒவ்வாமை என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறாராம். அந்த ஆளுக்கு எல்லாமே ஒவ்வாமைதான், நோயாளிகள் உட்பட.

மார்ச் 6, வியாழன்

அக்கா வேலை நேரத்தில் போன் செய்தாள். "இவருக்கு நெஞ்சு பூரா பச்சப் பச்சையா நரம்பு பொடச்சிருக்குடி. ரெண்டு நாளா தலகாணி நாலு வச்சு உக்காந்தே தூங்கறார்."

கையில் இருந்த ஊசி உறையைக் கீழே வைத்துவிட்டேன்.

இருபத்தேழு வருஷமாக அறுவை அரங்கில் நிற்கிறேன். மயக்க மருந்து டாக்டர்களுக்குக் குழாய், ஊசி, மருந்து எல்லாம் எடுத்து அடுக்கி வைப்பது என் வேலை. உப்பிய முகம், குனிந்தால் நீலம், நெஞ்சில் புடைத்த சிரைகள் — தலையிலிருந்து இரத்தம் இறங்கும் வழி அடைத்திருக்கிறது, அதனால் சந்து பொந்து வழியாகச் சுற்றிப் போகிறது. நேற்று சேர்ந்த மாணவிகூடச் சொல்லிவிடுவாள்.

வாயைக் கட்டினால் சரியாகிவிடும் என்று சொன்னது நான். சரி, நான் என்ன டாக்டரா? டாக்டரே ஒவ்வாமை என்றார். அவரைக் கேட்கட்டும்.

நாளைக்கே ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 8, சனி

ஸ்கேன் வந்துவிட்டது. தலை, கைகள் இவற்றிலிருந்து இரத்தத்தை இதயத்துக்கு இறக்கிவிடும் பெரிய குழாய் — மேற்பெருஞ்சிரை. அதற்குள் பெருவிரல் தடிமனுக்கு ஓர் அடைப்பு. 'இரத்தக்கட்டி' என்று எழுதிவிட்டார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை.

அக்கா எல்லோரிடமும் 'நரம்புல கட்டி' என்கிறாள். நரம்பு இல்லை, சிரை என்று மூன்று தடவை திருத்தினேன். நான்காவது தடவை, "எதுவா இருந்தா என்னடி, அடச்சிருக்குல்ல" என்றாள். இனிமேல் திருத்துவதாக இல்லை.

மார்ச் 31, திங்கள்

மூன்று வாரம் மாத்திரை விழுங்கியாகிவிட்டது. கட்டி இம்மியும் கரையவில்லை. புதிதாக எடுத்த படங்களை எங்கள் தலைமை அறுவை மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். மகாராஜா என்றுதான் நாங்கள் சொல்வது, அவர் காதில் விழாமல். நடக்கும்போது இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். ஒருவர் கதவைத் திறக்க, ஒருவர் ஆச்சரியப்பட.

படத்தை எரிச்சலோடு வாங்கினார். நான்கு விநாடி பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஸ்கேனுக்கு ஊசில ஏத்தற சாயம் ரத்தக்கட்டிக்குள்ள ஏறாது. இது சாயத்த உறிஞ்சியிருக்கு பாருங்க. இதுக்கு சொந்தமா ரத்த ஓட்டம் இருக்கு. இது குழாயோட சுவத்துலயே மொளச்சது." கண்ணில் அப்படி ஓர் ஒளி. "நான் இதுவரைக்கும் ரெண்டுதான் பாத்திருக்கேன்."

அந்த இரண்டு பேரும் என்ன ஆனார்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தர் நல்லா இருக்கார்" என்றார்.

ஏப்ரல் 4, வெள்ளி

தொடை வழியாக மெல்லிய கம்பி விட்டுக் கிள்ளி எடுத்த துணுக்கின் முடிவு: புற்று. சிரைச் சுவரின் தசையிலிருந்து கிளம்பியது. வேறு எங்கும் பரவவில்லை. கீழ்நுனி இதயத்தின் வாசல் வரை தொங்குகிறது. குழாயோடு சேர்த்து வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் குழாய் வைத்துத் தைக்க வேண்டும். எடுக்காவிட்டால் சில மாதம்.

அக்கா அழுதாள். அத்தான் என்ன செய்தார் தெரியுமா? பெருமைப்பட்டார். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "இது ரொம்ப ரேர் மாடல். உலகத்துலயே கொஞ்சம் பேருக்குத்தான் வருமாம். பெரிய டாக்டரே அசந்துட்டார்" என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். அங்கே மகாராஜா, மாநாட்டில் படம் காட்டி உரையாற்றத் தயாராகிக்கொண்டிருக்கிறார். இரண்டு தம்பட்டமும் ஒன்றாகச் சேர்ந்தால் காது கிழியும். நடுவில் அந்தக் கட்டிதான் சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்கிறது.

ஏப்ரல் 9, புதன்

திட்டக் கூட்டம். அறுவை பதினைந்தாம் தேதி.

கிளிப்பிள்ளை எழுந்து நின்று வாசித்தாள். போன வருஷம் சேர்ந்த மயக்க மருந்து டாக்டர். எதையும் மனசுக்குள் படிக்கத் தெரியாத பெண். தன் பெயரைக்கூடக் காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்வாளோ என்னவோ. ஒவ்வொரு அறுவைக்கும் பட்டியல் எழுதி, ஊசி போடுமுன் சத்தமாக வாசித்து, எல்லோரும் 'சரி' சொல்லும்வரை நிற்பாள். அவள் வாசித்து முடிப்பதற்குள் எனக்கு இரண்டு கொட்டாவி வந்துவிடும்.

இன்றைய பாராயணம்: மேலிருந்து சிரைக்குள் ஒரு குழாயும் போகக் கூடாது. மற்ற இதய அறுவைகளில் கழுத்தின் வலப்புறச் சிரை வழியாக ஒரு நீளக் குழாயை இதயத்தருகே இறக்குவோம்; மருந்து எல்லாம் அதில்தான் போகும். இவருக்கு அப்படி இறக்கினால் நேரே கட்டியின் தலையில் போய் முட்டும். ஒரு துண்டு உடைந்து நுரையீரலுக்குப் போனால் மேசையிலேயே முடிந்தது. ஆகவே மருந்து எல்லாம் கால் வழி; மணிக்கட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் தமனி ஊசி மட்டும்.

இதை எழுதி வேறு வாசிக்க வேண்டுமா? அந்த அறையில் இருந்த மேசைக்கே தெரியும்.

கூட்டம் முடிந்ததும் எங்கள் துறைத் தலைவர், டாக்டரம்மா, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க சொந்தக்காரர். நீங்க அன்னைக்கு லீவ். விதி அதுதான்." எனக்குப் பதில் யார்? தூங்குமூஞ்சி. நாற்பது வயது ஆள், வீட்டில் இரட்டைக் குழந்தை, எப்போது பார்த்தாலும் பாதிக் கண். அவன் கையில் அத்தானா? விளங்கினாற்போலத்தான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அத்தானை வார்டில் சேர்த்தாயிற்று. அக்கா துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். பக்கத்தில் நான் மட்டும்.

ஜோக் வரும் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். வரவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நீ உள்ள இருப்பியா?" என்றார்.

"மாட்டேன். விதி."

"நீ இருந்தா எனக்கு ஒரு தைரியம்." போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, "உங்க அக்காவுக்கு பேங்க் போகக்கூடத் தெரியாது. நான்தான் ஒண்ணும் சொல்லிக் கொடுக்கல" என்றார். உப்பிய இமைக்கு நடுவில் கண் கலங்கியிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. இருபத்தாறு வருஷம் நான் வெறுக்கச் சௌகரியமாக நடந்துகொண்டுவிட்டு, இப்போது போய் இப்படிப் பேசினால்?

"பாக்கலாம்" என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய். காலை 6.50

போய்விட்டு வந்துவிட்டேன். ஐந்தே முக்காலுக்கே உள்ளே நுழைந்தேன். ஒருவரும் இல்லை. தூங்குமூஞ்சி வருவதற்குள் எல்லாம் நானே அடுக்கி முடித்தேன். மருந்துகள் இழுத்து, பெயர் ஒட்டியாகிவிட்டது. மணிக்கட்டு, கழுத்து, கால் — மூன்று ட்ரேயும் தயார். இரத்தம் சூடேற்றும் கருவி இரண்டு. உறிஞ்சு குழாய் சோதித்தேன், இரண்டு தடவை.

ஆறரைக்குத் தூங்குமூஞ்சித் துரை வந்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு ட்ரே பக்கம் வந்து பார்த்தான். "எல்லாம் வச்சாச்சு. எதையும் தொடாத. உன் கை படாம இருந்தாலே அவர் பொழச்சுப்பார்" என்றேன். "சரி மேடம்" என்று ஒதுங்கிக்கொண்டான்.

விதியாம் விதி. இந்தக் கூட்டத்தை நம்பி நான் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். இப்போதுதான் மனசு அடங்கியது.

அதே நாள், மாலை 5.15

பிழைத்துவிட்டார்.

ஏழரை மணி நேரம். மகாராஜா வெளியே வந்து அக்காவிடம் இரண்டு நிமிஷம் பேசினார். அதில் ஒன்றேகால் நிமிஷம் தன் கையைப் பற்றி. நெஞ்செலும்பைப் பிளந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தில் போட்டு, கட்டியைக் குழாயோடு முழுதாக எடுத்திருக்கிறார்கள். உடையாமல். மாட்டின் இதய உறைச் சவ்வைச் சுருட்டிக் குழாயாகத் தைத்து அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள். புதுக் குழாயைத் திறந்துவிட்ட பத்தே நிமிஷத்தில் முகத்தின் நீலம் இறங்கியது என்று கிளிப்பிள்ளை வந்து சொன்னாள். காகிதம் இல்லாமலே சொன்னாள், அதிசயம்தான்.

என்னைப் பார்த்து என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஏப்ரல் 16, புதன்

செயற்கை மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள். முதல் வார்த்தை: "கார்ச் சாவி எங்க?"

ஏப்ரல் 18, வெள்ளி. மதியம் 1.30

 உணவு இடைவேளையில் எழுதுகிறேன்.

இப்போதுதான் காதில் விழுந்தது. மூன்று நாளாக எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அன்றைக்கு உள்ளே, கழுத்தில் குழாய் இறக்கும் சாமான்களோடு கழுத்து ட்ரே இருந்திருக்கிறது. கழுத்து ட்ரே. அத்தானை மயக்கத்தில் ஆழ்த்தி, தலையை இடப்பக்கம் திருப்பி, கழுத்தில் மருந்து பூசி, டாக்டரம்மா ஊசியைக் கையில் எடுத்தாகிவிட்டது. இருபது வருஷப் பழக்கம், ட்ரே எதிரில் இருந்தது, கை தானாகப் போயிருக்கிறது. அப்போது கிளிப்பிள்ளை பட்டியலை வாசித்திருக்கிறாள். "கழுத்து வழி கூடாது." ஒரு தடவை. யாரும் 'சரி' சொல்லவில்லை. மறுபடி வாசித்திருக்கிறாள். அப்போதுதான் டாக்டரம்மா கை நின்றிருக்கிறது.

இன்னும் ஒரு அங்குலம். அவ்வளவுதான்.

அந்தத் தூங்குமூஞ்சி. ட்ரே வைக்கத் தெரியாதவனை எவன் உள்ளே விட்டான்? சம்பளம் வாங்கிக்கொண்டு உயிரோடு விளையாடுகிறான். குறிப்பாணை கொடுத்திருக்கிறார்களாம், செவ்வாய்க்கிழமை விசாரணையாம். விசாரணை என்ன வேண்டிக்கிடக்கிறது, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டாமா? எங்க அக்கா தாலி இவன் தூக்கத்துலயா தொங்கணும்? இப்போதே போகிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்காமல் விடப்போவதில்லை.

அதே நாள், மாலை 6 மணி

கேட்டேன். பண்டக அறையில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான். கதவைச் சாத்திவிட்டு வெளுத்து வாங்கினேன். பிள்ளைகள் தூங்கவிடவில்லை என்றால் வீட்டிலேயே கிட என்றேன். உன் கையில் பூனையைக்கூடக் கொடுக்க மாட்டேன் என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது,

"மேடம், அது நீங்க வச்சது" என்றான்.

"என்ன உளர்ற?"

"நான் எதையும் தொடல. தொடாதன்னு சொன்னீங்க. நான் வந்து பாத்தேன், கழுத்து ட்ரே இருந்துச்சு. இது எதுக்குன்னு கேக்கலாம்னுதான் கிட்ட வந்தேன். நீங்க அப்படிச் சொல்லவும், உங்களுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன்."

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைத் திருப்பினேன். 'மணிக்கட்டு, கழுத்து, கால் — மூன்று ட்ரேயும் தயார்.' என் கையெழுத்துதான். அழகாக வேறு எழுதியிருக்கிறேன்.

அதற்கு ஒரு பக்கம் முன்னால், மேசைக்கே தெரியும் என்று எழுதியிருப்பதும் நான்தான்.

எப்படி வைத்தேன்? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகமே இல்லை. காலுக்கு வைத்தது ஞாபகம் இருக்கிறது, அது புதுசு. கழுத்துக்கு வைத்தது ஞாபகம் இல்லை. இருபத்தேழு வருஷமாகத் தினம் வைக்கிறேனே, கை அதுபாட்டுக்கு வைத்துவிட்டது.

ஏன் நீ சொல்லவில்லை என்று அவனிடம் கேட்டேன். ஏன் பழியை உன் மேல் போட்டுக்கொண்டாய்? "அன்னைக்கு அவர் உள்ள படுத்திருந்தார், நீங்க வெளிய தவிச்சிட்டு இருந்தீங்க. அப்பறம் கேட்டப்ப, பாத்தும் சொல்லாதது என் தப்புதானேன்னு நெனச்சேன்" என்றான். அதைச் சொல்லும்போது கண் முழுசாகத் திறந்திருந்தது. ஒன்பது வருஷமாக ஒன்றாக வேலை செய்கிறோம். அந்த ஆளின் கண்ணை இன்றைக்குத்தான் நேராகப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 19, சனி

ஒன்றும் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

யாருக்கும் தெரியாது. ட்ரேயைப் பார்த்த அவரும் சொல்ல மாட்டார். இரண்டு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். அத்தான்தான் நன்றாக இருக்கிறாரே?

இப்படியெல்லாம் யோசிக்க வருகிறது எனக்கு. நொந்த வண்டியைத் தலையில் கட்டுகிறார் என்று நான் யாரைச் சொன்னேன்?

ஏப்ரல் 22, செவ்வாய்

விசாரணைக் கூட்டம். நீள மேசை, ஏழு பேர், எல்லோருக்கும் முன்னால் ஒரு தண்ணீர்ப் புட்டி. அவரை நிற்க வைத்திருந்தார்கள். நான் அழைக்கப்படவில்லை. கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.

"அந்த ட்ரே நான் வச்சது. லீவ்ல இருந்தவ, விதிய மீறி உள்ள போய் வச்சேன். இவர் கேக்க வந்தார், நான் வாய அடச்சிட்டேன்." மனப்பாடம் செய்ததைவிட இரண்டு வாக்கியம் குறைவாகவே சொல்ல முடிந்தது. 

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. "ஊசிய எடுத்தது நான். அதையும் எழுதிக்கங்க" என்றார். மகாராஜா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கட்டி முழுதாக வந்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைக்க வேண்டும் என்று தொடங்கினார். அவரை யாரும் கவனிக்கவில்லை. பாவம், பழக்கமில்லாத அனுபவம்.

வெளியே வந்ததும் கிளிப்பிள்ளையிடம், "ரெண்டாவது தடவ ஏன் வாசிச்சீங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

"யாரும் 'சரி' சொல்லல மேடம். சொல்லாம மேல போகக் கூடாது."

"பயமா இல்லயா? எல்லாரும் பெரியவங்க."

"தெனமும் பயம்தான். நான் வாசிக்கும்போது நீங்க கொட்டாவி விடுவீங்க, கை அப்படியே நடுங்கும். அதனாலதான் காகிதத்த ரெண்டு கையாலயும் புடிச்சுப்பேன்."

வெட்கமாகிவிட்டது எனக்கு. எனக்கு.

எனக்குத் தண்டனை: மூன்று மாதம் அரங்குக்குள் வரக் கூடாது, பண்டக அறை வேலை. அவருக்கு ஒன்றும் இல்லை. இரண்டுமே நியாயம்.

வெட்டி எடுத்ததன் அறிக்கையும் இன்றே வந்தது. ஓரங்களில் எங்கும் கட்டி இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அத்தான் வீட்டுக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. போய்ச் சொல்லிவிட்டேன். இரண்டு பேரையும் எதிரில் உட்கார வைத்து, ஒன்றையும் மறைக்காமல்.

வீக்கம் வடிந்து அத்தான் முகம் ஒடுங்கியிருக்கிறது. கல்யாணப் படத்தில் இருக்கிற ஆள் மாதிரி. நெஞ்சுத் தையலுக்குத் தலையணையை அணைத்துக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, "நான் ஒரு வண்டிய பிரேக் சரியில்லன்னு தெரிஞ்சே வித்திருக்கேன் மச்சினி. வாங்கினவன் மறுநாள் வந்து சட்டையப் புடிச்சான். உயிரோட வந்து புடிக்கறானேன்னு அன்னைக்கு சந்தோஷமா இருந்துச்சு" என்றார். தேற்றுகிறாராம். இப்படி ஒரு தேற்றல் அவரால்தான் முடியும். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா அழவில்லை. கத்தவும் இல்லை.

"அன்னைக்கு இவர் தல வெடிக்குதுன்னப்ப வாயக் கட்டச் சொன்ன. தெரியாம சொன்னன்னு விட்டேன். இது உனக்குத் தெரிஞ்ச வேலைடி. அந்த ஆள பேசவிட்டிருந்தா ஆச்சு. யாரையாச்சும் நீ பேசவிட்டிருக்கியா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

"பாத்தியா" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். போகும்போது விசிறியை மட்டும் அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

மே 19, திங்கள்

அக்கா போனை எடுக்கவில்லை. இருபத்திரண்டு நாள்.

ஜூன் 8, ஞாயிறு

மாதச் சாப்பாடு இல்லை. வீட்டிலேயே தின்றேன். அந்த ஜோக்கை நானே எனக்குச் சொல்லிப் பார்த்தேன். அவர் சொன்னால்தான் எரிச்சல் சரியாக வருகிறது.

ஜூலை 24, வியாழன்

மறுபடி அரங்கு வேலை. முதல் நாள். கிளிப்பிள்ளை வாசித்தாள் — இந்தப் பெயரை விட்டுவிடலாம் என்று பார்க்கிறேன், நாக்கு விடமாட்டேன் என்கிறது. ஆறாவது வரியில் ஒரு மருந்தின் அளவு எனக்குப் புரியவில்லை. 'சரி' சொல்லாமல், இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து அவள் முகம் சுண்டிப்போனது. இல்லை டாக்டர், நிஜமாகவே கேட்கிறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. என் பேர் அந்த லட்சணத்தில் இருக்கிறது.

மகாராஜா மாநாட்டுக்குப் போயிருக்கிறார். அத்தானின் கட்டியின் படம் போஸ்டரில் மூன்றடி அகலத்தில் இருக்கிறதாம். அத்தானுக்கு அதில் ஒரு பிரதி வேண்டுமாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

நல்லபடியாக முடிந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆறு மாத ஸ்கேனில் கட்டி திரும்பி வரவில்லை. ஆனால் கீழ்த் தையல் அருகே குழாய் சுருங்கியிருந்தது. வெறும் தழும்பு. கால் வழியாக பலூன் விட்டு விரிக்க வேண்டும், ஒரு மணி நேர வேலை. அத்தான்தான் போன் செய்தார். "செவ்வாய்க்கெழம வந்துடு. உங்க அக்காகிட்ட சொல்லிட்டேன். ஒண்ணும் சொல்லல. வேணாம்னும் சொல்லல."

லீவ் எழுதிக் கொடுத்துவிட்டுக் காலை ஏழரைக்குப் போனேன். நீலத் தொப்பியோடு கதவைத் திறந்துகொண்டு அவர் எட்டிப் பார்த்தார் — இரட்டைக் குழந்தைகளின் அப்பா. இப்போதும் பாதிக் கண்தான்.

"மேடம், எல்லாம் வச்சிருக்கேன். ஒரு தடவ உள்ள வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

கால் ஓர் அடி முன்னால் போய்விட்டது. பொய் சொல்லக் கூடாது, போய்விட்டது.

"வேணாம்" என்றேன். "நீங்க இருக்கீங்கல்ல."

கதவருகே புதுக் காவலாளி. கையில் ஒரு நோட்டு. "ஊழியரா, கூட வந்தவங்களா?" என்று கேட்டார். அந்தக் கதவில் இருபத்தேழு வருஷத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"கூட வந்தவ."

எழுதிக்கொண்டார்.

வரிசையாக நாற்காலிகள். கடைசியில் அக்கா. பக்கத்து நாற்காலியில் அவளுடைய பை. நான் எதிரில் நின்றேன். அவள் சுவரைப் பார்த்தாள். உள்ளே யாரோ பட்டியல் வாசிக்கிற சத்தம் கொஞ்சம் கேட்டது, அப்புறம் கதவு சாத்திக்கொண்டது. அக்கா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்கார்ந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து, "எவ்ளோ நேரமாகும்?" என்றாள். ஆறு மாதத்தில் முதல் வார்த்தை.

ஒரு மணி நேரம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. "தெரியலக்கா" என்றேன்.